நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் எர்லிச்சியா என்று வந்தது. டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். ஐந்தாம் நாளே பழையபடி சாப்பிட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா? வீட்டில் பூனையும் இருக்கிறது. அது இரண்டு நாளாகச் சோர்ந்து கிடக்கிறது. மிஞ்சும் மாத்திரையையும், நாய்க்கு வாங்கிய உண்ணிச் சொட்டு மருந்தையும் அதற்குக் கொடுக்கலாமா? தெரிந்தவர் ஒருவர் நாய்க்கு ஐவர்மெக்டின் ஊசி போட்டால் உண்ணியே வராது என்கிறார். அது சரிதானா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்ற மூன்றும் வேண்டாம். அந்தச் சொட்டு மருந்தை ஏற்கெனவே பூனை மேல் விட்டிருந்தால், மற்றதை அப்புறம் படிக்கலாம். நாய்ச் சொட்டு மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைப் பற்றிய பத்திக்கு முதலில் போங்கள்.

எர்லிச்சியா கேனிஸ் என்ற இந்தப் பாக்டீரியா மோனோசைட் எனும் வெள்ளணுவுக்குள் புகுந்து, அதற்குள்ளேயே இருந்து பெருகும். டாக்சிசைக்ளின் அதன் புரத உற்பத்தியை முடக்கிப் பெருகவிடாமல் செய்கிறது. மீதி வேலையை நாயின் எதிர்ப்புச் சக்திதான் முடிக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். காய்ச்சல் மட்டும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் இறங்கிவிடுவதால் நோயே போய்விட்டது போலத் தோன்றும்.

இந்த நோயின் பொல்லாத குணமே இங்கேதான் இருக்கிறது. முதல் கட்டக் காய்ச்சல் தணிந்தபின், வெளியே எந்த அறிகுறியும் இல்லாத ஒரு கட்டம் வரும். நாய் நன்றாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில்கூட அப்படியே போகும். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கலாம். பல நாய்கள் தாமாகவே தப்பிவிடுகின்றன. தப்பாதவற்றுக்கு எலும்பு மஜ்ஜை படுத்துவிடும்; மூக்கில் ரத்தம் வரும், சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றுமே சரியும். அந்த நிலைக்குப் போன நாயை டாக்சிசைக்ளினால் மீட்பது மிகக் கடினம். ஐந்தாம் நாளில் மாத்திரையை நிறுத்துகிறவர் தன் நாயை அந்த இரண்டாம் கட்டத்துக்கு அனுப்பிவைக்கும் வாய்ப்பு அதிகம்.

28 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் கால்நடை உள்நோய் நிபுணர்கள் அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஒருமித்த பரிந்துரையில் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் தினமும், 28 நாள் என்று இருக்கிறது. அது நிபுணர்கள் கூடி எடுத்த முடிவுதான். 27-ஆம் நாளுக்கும் 29-ஆம் நாளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கப்போவதில்லை. ஆனால் அதைவிட மிகக் குறைந்த நாள் சிகிச்சை பெற்ற நாய்களில் உண்ணிகளைக் கடிக்கவிட்டுப் பார்த்தபோது, அந்த உண்ணிகளுக்குள் கிருமி ஏறியிருந்தது. ஆகவே உங்கள் மருத்துவர் சொன்ன நாள் கணக்கை முடியுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்தால் வாந்தி குறையும். பாலோடு வேண்டாம். இரும்புச்சத்து, கால்சியம் டானிக்குகளையும் இதே நேரத்தில் ஊற்றாதீர்கள். அவை மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாமல் செய்துவிடும். சில மணி நேரம் இடைவெளி விட்டுக் கொடுங்கள்.

இப்போது பூனை. ஒரு மருந்து பாதுகாப்பானது என்று ஆய்வில் வந்திருக்கிறது என்றால், எந்த விலங்குக்கு, எந்த அளவில், எந்த வழியில், எத்தனை நாள் என்ற நான்கையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும். ஒன்றை மாற்றினாலும் அந்தச் சான்று அங்கே செல்லாது. உங்கள் கேள்வியில் இருக்கும் மூன்று மருந்துகளுமே இதற்கு உதாரணம்.

டாக்சிசைக்ளின் பூனைகளுக்கும் கொடுக்கப்படும் மருந்துதான். ஆனால் பூனைக்கு மாத்திரையை வெறுமனே விழுங்க வைத்தால், அது பல நேரம் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஹைக்ளேட் வகை டாக்சிசைக்ளின் அமிலத்தன்மை உடையது. நின்ற இடத்தைப் புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாய் சுருங்கிவிடும். சில நாளோ சில வாரமோ கழித்து, தின்றதெல்லாம் செரிக்காமல் அப்படியே வெளியே வரும்போதுதான் தெரியும். அதனால்தான் மருத்துவர்கள் பூனைக்குத் திரவ மருந்தாகத் தருவார்கள், அல்லது மாத்திரைக்குப் பின் 5 அல்லது 6 மி.லி. தண்ணீரைச் சிரிஞ்சில் மெதுவாக வாயில் விடச் சொல்வார்கள். அதெல்லாம் இருக்கட்டும், உங்கள் பூனையின் சோர்வுக்குக் காரணம் என்ன என்றே இன்னும் தெரியவில்லையே. எர்லிச்சியா நாயிடமிருந்து பூனைக்கு நேராகத் தொற்றாது. உண்ணி கடித்துத்தான் பரவும். நாய்க்கு வந்ததே பூனைக்கும் வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பூனையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இடையில் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்காதீர்கள். பூனைக்கு அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

சொட்டு மருந்துதான் உண்மையில் பயப்பட வேண்டியது. நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் 40 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். நாயின் கல்லீரல் அதைச் சமாளித்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய குளுக்குரோனைடு வேதிவினை மிகப் பலவீனம். பாராசிட்டமால் ஆகாததற்கும் இதே குறைதான் முக்கியக் காரணம். மருந்து உடலில் தங்கி நரம்புகளை ஓயாமல் தூண்டும். சில மணி நேரத்தில் காது துடிப்பு, உடல் நடுக்கம், பிறகு வலிப்பு. இதற்கென்று மாற்று மருந்து இல்லை. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கி, உடல் மருந்தை வெளியேற்றும் வரை தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. தெரியாமல் போட்டிருந்தால், பூனை தெளிவாக இருக்கும் பட்சத்தில், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் மென்மையான சோப்புத் திரவத்தைக் கொண்டு உடனே கழுவித் துடைத்து, குளிரவிடாமல் போர்த்தி மருத்துவரிடம் கொண்டு போங்கள். சுடுதண்ணீர் கூடாது. வலிப்பு தொடங்கியிருந்தால் கழுவிக்கொண்டு நிற்காதீர்கள், கிளம்புங்கள். மருந்து உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். நாய்க்குப் போட்டிருந்தாலும், முதுகு நன்றாகக் காயும்வரை பூனை அதை நக்காமலும் ஒட்டிப் படுக்காமலும் பிரித்து வையுங்கள்.

ஐவர்மெக்டின் ஊசியைப் பற்றி. உண்ணியைத் தடுக்க அது நம்பத்தகுந்த மருந்தே இல்லை. அதோடு எல்லா நாய்க்கும் ஒத்துவருவதும் இல்லை. கோலி போன்ற மேய்ப்பு இன நாய்கள் பலவற்றுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் ஒரு சின்னக் குறை உண்டு. 2001-இல் அமெரிக்கக் கால்நடை மருந்தியலாளர் காத்ரீனா மீலியின் ஆய்வுக்குழு இதைக் கண்டறிந்தது. மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளும் புரதம் அந்த நாய்களில் வேலை செய்யாது. இதயப்புழுத் தடுப்புக்கான கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் அளவு அவற்றுக்கும் தீங்கில்லை. சொறிக்குக் கொடுக்கும் 300 முதல் 600 மைக்ரோகிராம் அளவு கோமாவரை கொண்டுபோகும். கலப்பின நாயின் பரம்பரையில் யார் இருந்தார்கள் என்று பார்த்துச் சொல்வது கஷ்டம்.

சரி, உண்ணியை என்ன செய்வது? உண்ணி ஒட்டிய மூன்று மணி நேரத்திலேயே எர்லிச்சியா பரவ முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், தினமும் தேடிப் பிடுங்குவது மட்டும் போதாது. ஃபுளூராலேனர், அஃபாக்சோலேனர் போன்ற மாத்திரைகள் நாய்களுக்கு நன்றாக வேலை செய்கின்றன. இந்தக் குடும்ப மருந்துகளால் சில விலங்குகளுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. அதற்காக அவற்றைத் தடை செய்யவில்லை. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பூனைக்கு, உறையில் பூனைக்கென்றே அச்சிட்ட மருந்து மட்டும். நாயைக் கடிக்கும் பழுப்பு உண்ணி வீட்டுச் சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் முட்டையிடும். நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியும் கவனம் வேண்டும்.

28 நாள் முடிந்ததும் நோயைக் கண்டுபிடிக்கச் செய்த அதே விரைவுக் கிட் பரிசோதனையைத் திரும்பச் செய்து, பாசிட்டிவ் என்று வந்ததும் பதறி இன்னொரு சுற்று மாத்திரை தொடங்குகிறவர்கள் நிறைய. அந்தக் கிட் பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்க்க நாயின் உடல் உண்டாக்கிய எதிர்ப்புரதத்தை. கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது தட்டணு எண்ணிக்கையை. சிகிச்சை முடிந்ததும் அது சரியான அளவில் இருந்து, சில வாரம் கழித்து எடுக்கும் ரத்தத்திலும் நிலைத்திருந்தால் போதும். சந்தேகம் தீராவிட்டால், கிருமியின் மரபணுப் பொருளையே தேடும் பிசிஆர் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள்.