செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் உலகத்தை எப்படி வரைபடமாக்கினார்கள்?

நடந்தும் கப்பலேறியும் பார்த்ததை வைத்துத்தான் தொடங்கினார்கள். ஆனால் எல்லாரும் வழி காட்டுவதற்காக வரையவில்லை.

கி.மு. 1150 வாக்கில் எகிப்தியர் பாப்பிரஸில் (நாணல் தாளில்) வரைந்த ஒரு படம் இன்று இத்தாலியின் துரின் நகரில் இருக்கிறது. எகிப்தின் வாடி ஹம்மாமாத் பகுதி மலைகளைப் பாறை வகைப்படி நிறம் பிரித்து, தங்கச் சுரங்கத்தையும் காட்டுகிறது. முழுக்க வேலைக்கான படம். பாபிலோனியர் களிமண் பலகையில் வரைந்த உலகப் படம் அப்படியல்ல. வட்டமான நிலம், சுற்றிலும் கடல், உள்ளே பாபிலோன், யூப்ரடீஸ் ஆறு. அதைத் தப்பான படம் என்று சொல்வது நியாயமில்லை. உலகில் தங்கள் இடம் எது என்பதைத்தான் அது சொல்கிறது.

அப்புறம் வந்தது அளவை. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ், கோடைத் திருப்ப நாளின் நண்பகலில் எகிப்தின் சையீனில் (இன்றைய அஸ்வான்) சூரியன் நேர் உச்சியில் நிற்பதை அறிந்திருந்தார். அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் முழு வட்டத்தில் 50இல் ஒரு பங்கு. இரு நகரங்களுக்கும் இடைத்தூரம் 5,000 ஸ்டேடியா (பழைய கிரேக்க நீள அளவு) என்று கொண்டால், அதன் 50 மடங்கான பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா. ஒரு நிழலை வைத்தே இவ்வளவும்!

கி.பி. 150 வாக்கில் புவியியல் அறிஞர் தாலமி சுமார் 8,000 இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தார். அட்சரேகையைச் சூரியனை வைத்துக் கணக்கிடலாம். தீர்க்கரேகைக்கு இரு இடங்களின் நேரத்தை ஒப்பிட வேண்டும். அதற்கேற்ற கடிகாரம் இல்லை. பயணிகள் சொன்ன தூரத்தை நம்ப வேண்டியிருந்தது. அவர் கணக்கில் இலங்கை பல மடங்கு பெருத்துவிட்டது, இந்தியப் பெருங்கடலோ நிலம் சூழ்ந்த ஏரியாகிவிட்டது.