கன்டெய்னரை நீக்கினால் கணக்கும் போய்விடுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது. உறுப்பினர்களின் நெல் கணக்கை அலுவலக சர்வரில், டாக்கர் கன்டெய்னருக்குள் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் முறை) ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறோம். மென்பொருளைப் புதுப்பிக்க ‘கம்போஸ் டவுன்’ கொடுத்து, பிறகு ‘அப்’ கொடுத்தோம். குறுவைக் கணக்கு முழுவதையும் காணவில்லை. இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது?

பதில்: இனி என்பதற்கு முன்னால் இப்போதைய கணக்கைப் பார்ப்போம். அது பெரும்பாலும் அந்த சர்வரிலேயே இருக்கிறது. தயவுசெய்து, பயன்பாட்டில் இல்லாதவற்றை அழிக்கும் ‘ப்ரூன்’ கட்டளையை மட்டும் யாரும் கொடுக்க வேண்டாம்.

போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு), நீங்கள் கேட்காவிட்டாலும் தரவுக்கென்று நீங்கள் பெயரிடாத ஒரு வால்யூமை (கன்டெய்னருக்கு வெளியே தரவு தங்கும் இடம்) உருவாக்கிக்கொள்ளும். ‘டவுன்’ கொடுத்தால் கன்டெய்னர் நீங்கும். அந்த வால்யூம் நீங்காது. ஆனால் அடுத்த ‘அப்’ பழையதைத் தேடாமல் புதிதாக, வெறுமையாக இன்னொன்றை உருவாக்கிவிடும். ‘டவுன்’ உடன் ‘-வி’ சேர்த்திருந்தால்தான் பழையதும் அழிந்திருக்கும். வால்யூம் பட்டியலை எடுங்கள். 64 எழுத்து நீளத்தில் பொருளற்ற பெயர்கள் தெரியும். உருவான தேதியையும் அளவையும் வைத்து உங்களுடையதைக் கண்டுபிடித்து, முதலில் நகல் எடுங்கள். பின்பு அந்த நகலை, முன்பு ஓடிய அதே முதன்மைப் பதிப்பில் திறங்கள். 15இல் எழுதிய தரவை 16 நேரடியாகத் திறக்காது. இமேஜ் பெயரில் ‘லேட்டஸ்ட்’ (ஆகப் புதிய பதிப்பு) என்று போடாமல் பதிப்பு எண்ணைப் போடச் சொல்வது இதனால்தான்.

இனிமேலுக்கு, கம்போஸ் கோப்பில் (கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் கோப்பு) வால்யூமுக்கு நீங்களே ஒரு பெயர் வையுங்கள். எந்தப் பாதையில் இணைக்க வேண்டும் என்பதைப் பதிப்பு பார்த்து எழுதுங்கள். 18ஆம் பதிப்பில் அது மாறியிருக்கிறது.

சிலர் வெளி ஹார்டு டிஸ்கில் உள்ள கோப்புறையை நேரடியாக இணைப்பார்கள். மின்வெட்டு அதிகமுள்ள நம் பகுதியில் இதில் எனக்குப் பெரிய பயம் உண்டு. மின்சாரம் திரும்பியதும் டிஸ்க் இணைவதற்கு முன்பே கன்டெய்னர் எழுந்துவிட்டால், டாக்கர் அதே இடத்தில் வெற்றுக் கோப்புறையை உருவாக்கிக் கொடுக்கும். போஸ்ட்கிரெஸும் புதுத் தரவுத்தளத்தைத் தொடங்கிவிடும். அலுவலர் தெரியாமல் அதில் பதிவுசெய்யத் தொடங்கினால் கணக்கு இரண்டாகப் பிரியும். டிஸ்கின் உள்ளே ஒரு துணைக் கோப்புறையை இணைத்து, அது இல்லையென்றால் புதிதாக உருவாக்கக் கூடாது என்று கம்போஸ் கோப்பில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

வால்யூம் காப்புப்பிரதி ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புறையை அப்படியே நகலெடுப்பதும் நம்பத்தக்கதல்ல. இரவுதோறும் ‘பிஜி டம்ப்’ (தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தைக் கோப்பாக எடுக்கும் கட்டளை) எடுத்து, அதைத் திருச்சியிலோ அதற்கும் அப்பாலோ உள்ள வேறொரு கணினிக்கு அனுப்புங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது என்ன பாடுபட்டோம் என்பது உங்களுக்கே தெரியும். ஒரே அறையில் இரண்டு டிஸ்க் இருப்பது போதாது. சம்பா கொள்முதல் தொடங்குமுன் ஒரு நாள் அந்த டம்பை வெறுமையான தரவுத்தளத்தில் ஏற்றி, நான்கைந்து உறுப்பினர்களின் மூட்டைக் கணக்கை ரசீதுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.