பிப்ரவரியிலேயே சத்துமாவு தீர்வது ஏன்?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை ஏழு கிராமங்களில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சத்துமாவு கொடுக்கிறது. ஏப்ரல் மாதப் பட்டியலை வைத்துத்தான் ஆண்டு நிதி கேட்கிறோம். பிப்ரவரியிலேயே பணம் தீர்ந்துவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: அந்த ஏப்ரல் பட்டியலில்தான். அன்றைக்கு ஊரில் எத்தனை பேர் என்பதைத்தான் அது சொல்லும். உங்களுக்கு வேண்டியது, ஒவ்வொருவரும் எத்தனை மாதம் வாங்குவார்கள் என்ற கணக்கு.

கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை கர்ப்பங்கள் பதிவாயின என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். ஆண்டுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் முடிந்து சேரும் தாய், பிரசவம் வரை 6 மாதம், பாலூட்டும்போது 6 மாதம், ஆக 12 மாதம் வாங்குவார். அப்படியானால் எப்போதும் சுமார் 40 தாய்மார் இருப்பார்கள். குழந்தை ஆறாம் மாதம் முடிந்து மூன்று வயது வரை, 30 மாதம் வாங்கும். எனவே 40 × 30 ÷ 12 = எப்போதும் சுமார் 100 குழந்தைகள்.

அரசின் அங்கன்வாடித் திட்டத்தில் ஆண்டுக்கு 300 நாள் உணவு கொடுப்பது கணக்கு. 2017-இல் நிர்ணயித்தபடி ஒரு நாளைக்குத் தாய்க்கு 9.50 ரூபாய், குழந்தைக்கு 8 ரூபாய். அந்தக் கணக்கில் 1,14,000 + 2,40,000 = 3,54,000 ரூபாய். ஆனால் அது பழைய விலை, அப்படியே எடுக்காதீர்கள். கேழ்வரகு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, வெல்லம், அரவைக் கூலி, பை, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து இன்றைக்குக் கிலோ என்ன விழுகிறது என்று பாருங்கள்.

அப்புறம், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள்கள். வளைகாப்பு முடிந்து வந்து, குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும்வரை இருப்பார்கள். வயிற்றுப்பிள்ளையோடு வந்து நிற்பவளுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? சொல்லவும் கூடாது. உங்கள் விநியோகப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். பென்சிலில் எழுதிச் சேர்த்த பெயர்கள் இருக்கும். பற்றாக்குறையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. அவற்றையும் மாதத்தோடு எண்ணுங்கள்.

இன்னொன்று: கர்ப்பத்தில் ஐந்து மாதம் முடிந்து வந்துகொண்டிருந்தவர்கள் மூன்று முடிந்ததுமே வரத் தொடங்கினால், முந்தைய ஆண்டைவிடச் செலவு கூடும் (மேலே போட்ட 12 மாதக் கணக்கில் இது சேர்ந்தே இருக்கிறது). 40 பேருக்குக் கூடுதலாக இரண்டிரண்டு மாதம், மாதம் 25 நாள் என்றால், அதே பழைய விலையிலேயே 19,000 ரூபாய். இது நல்ல செலவு. இதைக் குறைக்கப் பார்க்காதீர்கள், முன்கூட்டியே கேளுங்கள்.

ஜூலையிலும் அக்டோபரிலும் கணக்கை ஒருமுறை திருத்துங்கள். நிதி தருபவருக்கு அனுப்பும் படிவத்தில் ‘பயனாளிகள்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘மாதங்கள்’ என்று இன்னொரு கட்டம் போட்டுவிடுங்கள்.