வட சென்னையில் பஸ் பயணத்தை மக்கள் தாழ்வாக நினைக்கிறார்களா?

மெட்ரோ, மின்சார ரயில், பைக் எல்லாம் இருக்கும்போது பஸ்ஸில் போகிறவர்களை வட சென்னையில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாழ்வாகத்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்ப்பவர்களில் பலர் தினமும் பஸ்ஸில் போகிறவர்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

நான் கொடுங்கையூர்வாசி. பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பக்கம் வரன் பேச உட்கார்ந்தால், "மாப்பிள்ளை வேலைக்கு எதில் போகிறார்?" என்று கேட்பார்கள். பஸ் என்றால், "இன்னும் வண்டி வாங்கவில்லையா?" என்பது அடுத்த கேள்வி. தவணை முடியாத பைக் வாசலில் நின்றால் மதிப்பு. 1,000 ரூபாய் மாதப் பாஸ் சட்டைப் பையில் இருந்தால் வசதி போதாதவர். மெட்ரோவில் போகிறவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் தூசியில் வெந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஏசிதான் அதன் கவர்ச்சி என்பார்கள். அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் வரும் என்று பலகையில் தெரிகிறதே, அதுதான் காரணம் என்பேன். பஸ் நிறுத்தத்தில் நிற்பவருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. மணலி பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் பஸ் எங்கோ மாட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு ஒன்றாக வரும். முன்னது பிதுங்கி வழிந்து, நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும். அறுபது வயதுக்காரர் அதன் பின்னால் ஓட வேண்டும். மக்களின் வெறுப்பு பஸ்ஸின் மேல் அல்ல, இந்த ஓட்டத்தின் மேல்தான்.

ஆனால் தண்டவாளம் எங்கே போகிறது என்று பாருங்கள். கும்மிடிப்பூண்டி ரயில் தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகவே போகிறது. இன்னொரு பாதை வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் வழியாக மேற்கே திரும்பிவிடுகிறது. நடுவில் கிடக்கும் கொடுங்கையூருக்கும் மணலிக்கும் மாத்தூருக்கும் பஸ்தான் கதி.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை 'ஓசி' என்று ஏளனம் செய்பவர்களைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு ஏறும் ஓர் அம்மாவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கோணிப்பையை விரித்து, அதன் மேல் அன்னக்கூடையை வைத்து, வண்டி குலுங்கும்போது தண்ணீர் தளும்பாமல் முழங்காலால் அணைத்துக்கொண்டே நிற்பார். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்தக் கூடையோடு அவரை வேறு எதில் போகச் சொல்கிறார்கள்? டிக்கெட்டில் மிச்சமாகும் காசு ஐஸ் வாங்க ஆகிறது என்று ஒருநாள் சொன்னார்.

நல்ல பஸ் வந்தால் பேச்சு மாறுகிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் தொடங்கி வைக்கப்பட்டன. மூட்டு வலியால் ஆட்டோவைத் தவிர எதிலும் ஏறாத என் அத்தை, இப்போது அந்த பஸ்ஸுக்காகக் காத்திருந்து ஏறுகிறார். உறவினர் வீட்டு விசேஷத்தில், "பஸ்ஸிலா வந்தீர்கள்?" என்று ஒருவர் இழுத்தபோது, "ஆமாம், நிம்மதியாக உட்கார்ந்து வந்தேன்" என்றார். கேட்டவர் அதற்குமேல் பேசவில்லை.

இன்னும் தீராதது இரவு நேரம். பாரிமுனையில் கடை அடைத்த பிறகு, துணிக்கடைப் பெண்கள் ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்து நிற்கிறார்கள். அந்த நேரத்துக்கு நம்பி நிற்கக்கூடிய ஒரு பஸ் கேட்டு எங்கள் தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். பைக் இருக்கும் வீடுகளிலும் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். வண்டியைக் காலையிலேயே மகன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறானாம்.