தொட்டித் தண்ணீரில் மின் துடிப்பு கொடுத்தால் கொசுப்புழு சாகுமா?

சாகும். ஆனால் துடிப்பு, அதாவது கண நேர மின்பாய்ச்சல், புழுவின் உயிரணுக்களைச் சிதைக்கும் அளவுக்கு வலுவாக இருக்க வேண்டும். உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். அதன் குறுக்கே ஏறக்குறைய 1 வோல்ட் அழுத்தம் ஏறினாலே அதில் நுண்துளைகள் விழும். துடிப்பு மென்மையாக இருந்தால் துளைகள் தானே மூடிக்கொள்ளும். வலுவாக இருந்தால் மூடாது, உள்ளிருப்பதெல்லாம் கசிந்து உயிரணு அழியும். இதற்கு எலக்ட்ரோபோரேஷன் என்று பெயர். பழச்சாற்றில் கிருமிகளைக் கொல்ல ஏற்கெனவே இதைப் பயன்படுத்துகிறார்கள். துடிப்பு நீடிப்பது சில மைக்ரோ விநாடிகளே என்பதால் சாறு அதிகம் சூடாவதில்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள உயிரணுவுக்குக் கணக்குப் போட்டால், துளை விழவே சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 670 வோல்ட் வேண்டும். மின்முனைகள் 1 செ.மீ. இடைவெளியில் உள்ள குழாய் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டால் இது எளிது. 1 மீட்டர் அகலத் தொட்டிக்கோ 67,000 வோல்ட்! தண்ணீரில் உப்பு கூடக் கூட மின்செலவும் ஏறும்.

இன்னொன்று, ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையிடுகிறது. அவை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீருக்குள் தரும் துடிப்பு அங்கே எட்டாது. எனவே வீட்டுக்கு, வாரம் ஒருமுறை தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவி இறுக மூடுவதையே சொல்வேன். தயவுசெய்து வீட்டு மின்சாரத்தைத் தண்ணீரில் விட்டுப் பார்க்காதீர்கள். புழுவுக்கு முன் மனித உயிர் போய்விடும்.