ஹாலோவீன் மாலையில் பிள்ளையை அனுப்பலாமா?

அன்புத் தங்கைக்கு,

ஒக்டோபர் 31ஆம் திகதி மகளை வேடமிட்டு அனுப்பும்படி பள்ளியிலிருந்து கடிதம் வந்திருப்பதாகவும், இது பேய் வழிபாடோ என்றும், வீடு வீடாகப் போய் இனிப்புக் கேட்பது நமக்கு அழகா என்றும் உங்கள் மாமியார் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உங்கள் தெருவாரை அறிந்துகொள்ள இதைவிட நல்ல மாலை ஆண்டு முழுவதிலும் கிடைக்காது. ஆகவே பிள்ளையை அனுப்புங்கள். நீங்களும் கூடவே செல்லுங்கள்.

அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிக் மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் வேளையை விழாவாகக் கொண்டாடினார்கள். அன்றிரவு இறந்தோரின் ஆவிகள் உலாவும் என்று அவர்கள் நம்பினார்கள். பின்னர் கிறிஸ்தவத் திருச்சபை நவம்பர் 1ஐச் சகல புனிதர்களின் பெருவிழாவாகவும், நவம்பர் 2ஐ இறந்தோரை நினைவுகூரும் நாளாகவும் வகுத்தது. நம் ஊர்க் கத்தோலிக்கர் அந்நாளில் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவதை மாமியார் அறிந்திருப்பார். அந்தப் பெருவிழாவுக்கு முந்திய மாலைதான் ஹாலோவீன் என்று சொன்னால் அவருடைய அச்சம் பெரும்பாலும் தணிந்துவிடும். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவுக்குப் பெருந்தொகையாகக் குடியேறியபோது, குடைவதற்கு எளிதான பூசணியை இங்கே கண்டுகொண்டார்கள். இதுவும் புலம்பெயர்ந்தவர்கள் கையோடு கொண்டுவந்த வழக்கம்தான்.

இனிப்புக் கேட்பதை இரத்தல் என்று எண்ண வேண்டாம். வாசல் விளக்கு எரிந்தால் அந்த வீட்டார் பிள்ளைகளை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். விளக்கு அணைந்திருந்தால் கதவைத் தட்டாமல் கடந்துவிட வேண்டும். பிள்ளை "ட்ரிக் ஓர் ட்ரீட்" (குறும்பா, இனிப்பா?) என்று சொல்லிப் பையை நீட்டும். வீட்டார் வேடத்தைப் பாராட்டி ஒன்றிரண்டு சிறு சொக்கலேட்டுகளைப் போடுவார்கள். நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். அடுக்குமாடியில் இருப்பவர்கள், இனிப்புக் கொடுக்க விரும்பும் வீடுகளின் பட்டியல் கீழ்த்தளத்தில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

வேடத்துக்குப் பணத்தை இறைக்க வேண்டியதில்லை. பழைய துணிக் கடைகளிலேயே நல்லவை கிடைக்கும். ஆனால் குளிர்ச் சட்டைக்கு மேலே போடக்கூடிய அளவில் தளர்வாக எடுங்கள். இல்லாவிட்டால் ஆசையாகப் போட்ட உடுப்பு ஜக்கெட்டுக்குள் மறைந்துபோய்ப் பிள்ளை அழும். சூரியன் ஆறு மணியளவில் மறைந்துவிடுவதால், பார்வையை மறைக்கும் முகமூடிக்குப் பதிலாக முகத்தில் வண்ணம் தீட்டி, கையில் ஒரு டோர்ச் லைட்டும் கொடுங்கள். சேர்ந்த இனிப்புகளை வீட்டில் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நீங்கள் சைவமானால், மென்று தின்னும் பல மிட்டாய்களில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன். நம்மவர்களில் சிலர் தங்கள் பிள்ளையை ஊர் முழுக்க அழைத்துச் சென்றுவிட்டு, தங்கள் வாசல் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒருவர் பிள்ளையோடு போக, மற்றவர் வாசலில் இருக்கட்டும். கச்சான், முந்திரி கலவாத, தனித்தனியாக உறையிட்ட இனிப்புகளையே கொடுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகச் சிறு பென்சில்களும் வைத்திருந்தால் இன்னும் நல்லது. அந்த வேலையை மாமியாரிடமே ஒப்படைத்துப் பாருங்கள். வாசலுக்கு வரும் குழந்தைகளைக் கண்டபின் அவர் உங்களைவிட ஆர்வமாகிவிடுவார் என்று உறுதியாக நம்புகிறேன்.

பூசணியை இரண்டு மூன்று நாளுக்கு முன் குடைந்தால் போதும். முன்னதாகவே வெட்டினால் அழுகிவிடும். காம்பைச் சுற்றிக் கத்தியை உள்நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள், அப்போதுதான் மூடி உள்ளே விழாது. நாரையும் விதையையும் கரண்டியால் நன்றாகச் சுரண்டிவிட்டு, விதைகளைக் கழுவி உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி ஓவனில் வறுத்தெடுங்கள். உள்ளே மெழுகுதிரிக்குப் பதிலாகப் பற்றரி விளக்கு வைப்பதே பாதுகாப்பு. மறுநாள் மாலை ரொறன்ரோவின் சொராரன் பூங்காவில், குடைந்த பூசணிகளை மக்கள் கொண்டுவந்து வரிசையாக அடுக்கி விளக்கேற்றும் வழக்கம் 2004 முதல் இருக்கிறது. நேரமிருந்தால் உங்களுடையதையும் கொண்டு செல்லுங்கள்.