பூஸ்ட் போடலாமா? இந்த வாரக் கடிதங்கள்

கே.கே. நகரில் பேக்கரி வைத்திருக்கிறேன். 'இந்தப் பதிவு நன்றாகப் போகிறது, பூஸ்ட் செய்யுங்கள்' என்று இன்ஸ்டாகிராம் தினமும் சொல்கிறது. செய்யலாமா?

பூஸ்ட் என்றால் காசு கட்டிப் பதிவை இன்னும் நிறையப் பேருக்கு விளம்பரமாகக் காட்டுவது. விற்கிறவன் 'வாங்குங்க' என்றுதான் சொல்வான். அந்தப் பதிவு கேக் படமா, உங்கள் மகளின் பிறந்தநாள் படமா என்று முதலில் பாருங்கள். சொந்தக்காரர்கள் லைக் போட்டுக் குவித்தாலும் இன்ஸ்டாகிராம் கணக்கில் 'நன்றாகப் போகிற' பதிவுதான். முன்பின் தெரியாதவர்கள் 'கடை எங்கே, கிலோ எவ்வளவு' என்று கேட்ட பதிவு ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் நாளுக்கு 200 ரூபாய் என்று 5 நாள் போட்டுப் பாருங்கள். கடையைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டர் போதும். தமிழ்நாடு முழுக்க என்று விட்டால் ஓசூரில் இருப்பவர் ஹார்ட் போடுவார். ஒரு பப்ஸ் வாங்க பஸ் ஏறமாட்டார்.

பூஸ்டுக்கு நான் போட்ட தொகையைவிட அதிகமாகப் பிடித்துவிட்டார்கள். ஏன்?

எவ்வளவு அதிகம், எந்த போன், ஒன்றும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. 1,000-க்கு 180 என்றால் அது ஜி.எஸ்.டி. அதற்கும் மேலே என்றால், ஐபோன் செயலிக்குள்ளிருந்தே பூஸ்ட் போட்டீர்களா என்று யோசியுங்கள். ஆப்பிள் தன் பங்காக 30 சதவீதம் எடுக்கும் வழக்கம் 2024-ல் அமெரிக்காவில் தொடங்கியது. பிரவுசரில் ஃபேஸ்புக்கைத் திறந்து போட்டால் அந்தச் செலவு இல்லை. ஜி.எஸ்.டி. எண் இருந்தால் விளம்பரக் கணக்கில் ஏற்றிவிடுங்கள், கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, எடுக்கலாம். காம்போசிஷனில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர்களுக்கு அது கிடையாது.

சிவகாசிப் பட்டாசு விற்கிறேன். விளம்பரத்தை நிராகரிக்கிறார்கள். தம்பி பெயரில் வேறு கணக்கு திறக்கட்டுமா?

வேண்டாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் விளம்பர விதியில் பட்டாசும் வெடிபொருள்தான். ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை போட்டாயிற்று. தம்பியையாவது விட்டுவிடுங்கள்.

சினிமாப் பாட்டு வைத்த ரீல்ஸ் நன்றாக ஓடியது. பூஸ்ட் மட்டும் ஏற மறுக்கிறது.

பாட்டை எடுத்துவிட்டு உங்கள் குரலில் பேசி மறுபடி போடுங்கள். அந்தப் பாட்டை விளம்பரத்துக்குப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை.

தெற்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலை வியாபாரம். 6,000 ரூபாய்க்கு பூஸ்ட் போட்டேன். 300 மெசேஜ் வந்தது, 4 சேலைதான் போனது. பூஸ்ட் என்பதே ஏமாற்று வேலைதானே?

நீங்கள் அனுப்பிய பதிவைப் பார்த்தேன். கடைசி வரி: 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்.' இதைப் பற்றி நான் புலம்பாத மாதமே இல்லை. மெசேஜ் ஒன்றுக்கு 20 ரூபாய் கொடுத்து, சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய விலையை 300 பேருக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறீர்கள். சேலைக்கு 1,500 ரூபாய் விளம்பரச் செலவு. உங்கள் சேலை விலையே அவ்வளவு இருக்குமா?

பூஸ்ட் போடும்போது மெசேஜ் வேண்டும் என்று கேட்டால், மெசேஜ் போடும் பழக்கமுள்ளவர்களாகப் பார்த்துத்தான் பூஸ்ட் பிடித்துவரும். 'ரேட்?' என்று கேட்டுவிட்டு ஓடுவதும் மெசேஜ்தான். விலை போட்டால் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்பீர்கள். அவர் என்றைக்கோ ஆள் விட்டு விசாரித்திருப்பார்.

போன வருஷம் ஒரு துணிக்கடையில் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடை போன் கல்லாவுக்குப் பின்னால், ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்து டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி சேலையை விரித்தபடி, 'நைட்டு பாத்துக்கலாம் சார்' என்றார். இரவு ஒன்பதரைக்கு எல்லோருக்கும் ஒரே பதில்: 'சொல்லுங்க மேடம்.' மேடம் மதியமே கேட்டாயிற்று, சொல்ல வேண்டியவர் இவர். அதற்குள் அந்த அம்மா வேறெங்கோ எடுத்து, துணியைத் தையற்காரரிடமே கொடுத்திருப்பார்.

ஆகவே விலையைப் போடுங்கள். பிளவுஸ் துணி சேர்த்தா, சாயம் போகுமா, கூரியர் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். கையால் முடிச்சுப் போட்ட புள்ளியா, அச்சுப் புள்ளியா என்பதை மறைக்காதீர்கள். 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு உங்களுடையது. சாயம் காய்ந்த துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும்போது முடிச்சுகள் படபடவென்று அவிழுமே, அதைப் பத்து நொடி எடுத்துப் போடுங்கள். பூஸ்ட் ஓடும் நாட்களில் போனுக்கென்று ஒரு பையனை உட்கார வையுங்கள். ஆள் இல்லையென்றால் பூஸ்ட்டும் வேண்டாம்.

உசிலம்பட்டியில் மெஸ் நடத்துகிறோம். மாதம் எவ்வளவு ஒதுக்கலாம்?

ஒன்றும் வேண்டாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யுங்கள், அதற்குக் காசில்லை. போர்டு தெரிகிற மாதிரி ஒரு படம், என்றைக்கு லீவு, சாப்பாடு என்ன விலை. விலையை மறக்கவேண்டாம்.

ஏஜென்சிக்கு மாதம் 15,000 தருகிறேன். ரீச் இரண்டு லட்சம் என்று ரிப்போர்ட் வருகிறது. நல்லதா?

ரீச் என்றால் பதிவு எத்தனை பேர் கண்ணில் பட்டது என்ற கணக்கு. அதை வைத்து கரண்ட் பில் கட்ட முடியாது. எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேளுங்கள். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதை இன்றைக்கே பாருங்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது அனுமதி மட்டும்.

'உங்கள் பேஜ் 24 மணி நேரத்தில் நீக்கப்படும்' என்று மெசேஜ் வந்தது. லிங்கைத் தட்டி ஓ.டி.பி.யும் கொடுத்துவிட்டேன். இனி என்ன செய்ய?

இதற்கா கடிதம் எழுதிக்கொண்டிருந்தீர்கள்? வங்கிக்குப் போன் போட்டு கார்டை முடக்குங்கள். அடுத்து 1930 என்ற எண்ணுக்குப் போன் போட்டு சைபர் புகார். பாஸ்வேர்டை மாற்றி, பேஜ் அட்மின் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். மீதியை அப்புறம் எனக்கு எழுதலாம்.